எறும்பு வீட்டுத் திருட்டு

எங்கள் வீட்டில் திருட்டுப் போய்விட்டது.

பதற வேண்டாம். நகை நட்டெல்லாம் பத்திரமாகவே இருக்கின்றன. போனது மூன்றே மூன்று பிள்ளைகள். அவையும் எங்கள் பிள்ளைகள் அல்ல, எறும்புப் பிள்ளைகள். திருடியவர்களும் எறும்புகளே. ஆகையால் போலீஸுக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஆனால், அந்தத் திருட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாக ஏறிட்டுப் பார்க்கவில்லை. அது ஏன் என்று உங்களிடம் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. மாடியில் அக்கா குடும்பம். கீழே நானும் அம்மாவும். அக்காவின் மகனுக்குப் பதின்மூன்று வயது. ஊரில் பிள்ளைகள் நாய் வளர்ப்பார்கள், மீன் வளர்ப்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை எறும்பு வளர்க்கிறான்.

"சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்தால் தானாக வளருமே! அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வேறா?" என்று அம்மா ஆரம்பத்தில் கேலி செய்தாள்.

நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். எறும்பு விஷயத்தில் நம் குடும்ப தர்மமே விசித்திரமானது. காலையில் அரிசி மாவால் கோலம் போட்டு, 'நாலு எறும்பு தின்றுவிட்டுப் போகட்டும்' என்று புண்ணியம் தேடுகிறோம். அதே எறும்பு வாசலைத் தாண்டிச் சமையலறைக்குள் வந்துவிட்டால் மருந்துக் கட்டியை எடுத்துக் கோடு கிழிக்கிறோம். பிள்ளையார் எறும்பு, சித்தெறும்பு, கட்டெறும்பு, மாமரத்து முசுறு என்று நாலு பெயர் சொல்லத் தெரியும். அதற்குமேல் அவற்றின் குடித்தனத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

பையனுக்குத் தெரிந்திருந்தது. மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி இறக்கை முளைத்த எறும்புகள் வந்து விழுமே, அவற்றில் இராணியாகப் போகிறவள் ஒருத்தியைப் பிடிப்பான். ஒரு சோதனைக் குழாயில் பாதி தண்ணீர், அதன்மேல் பஞ்சு அடைப்பு. பஞ்சுக்கு இந்தப் பக்கம் இராணி, குழாயின் வாயில் இன்னொரு பஞ்சு. அதைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுவான். அப்புறம் வாரக்கணக்கில் தொடக்கூடாது. இனிப் பறக்கத் தேவையில்லாத தன் இறக்கைத் தசைகளைக் கரைத்தே அந்தத் தாய் முதல் பிள்ளைகளை ஊட்டி வளர்த்துவிடுவாள். வெளியிலிருந்து ஒரு பருக்கைகூட வேண்டாம். இதைக் கேட்ட அன்றைக்கு அம்மாவின் கேலி நின்றது. "பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வாய் கஷாயம்கூடக் கிடையாதா, பாவம்!" என்றாள்.

* * *

வந்தது வினை ஒரு வீடியோவினால். ஐரோப்பாவில் யாரோ ஒருவர் அமேசான் எறும்பு வளர்ப்பதைப் பையன் பார்த்துவிட்டான். அன்று முதல் ஒரே நச்சரிப்பு. "சித்தி, எனக்கும் அந்த எறும்பு வேண்டும்!"

"அதில் என்னடா விசேஷம்?"

"அது வேலையே செய்யாது, சித்தி. மற்ற எறும்புகளைத் திருடிக் கொண்டுவந்து வேலை வாங்கும்!"

குயில் சமாசாரம் உங்களுக்குத் தெரியும். காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காக்கை அடைகாத்து, ஊட்டி, ஆளாக்கிவிடும். எறும்புகளிலும் இப்படிப் பிறர் உழைப்பில் குடித்தனம் நடத்தும் இனங்கள் உண்டு. 'சமூக ஒட்டுண்ணிகள்' என்று அவற்றுக்குப் பெயர். இதில் பல தினுசு. சில இராணிகள் தன்னந்தனியாக வேற்று இனத்தின் புற்றுக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் இராணியைத் தீர்த்துக்கட்டிவிட்டுச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிடும். தாயை இழந்த வேலைக்காரிகள், அவளைக் கொன்றவளின் பிள்ளைகளையே சீராட்டி வளர்க்கும். அவை ஒவ்வொன்றாகச் செத்து முடிகிறபோது வீடு முழுக்க வந்தவளின் வமிசமாகிவிடும். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் ஓர் இனம் இருக்கிறது. அது யாரையும் கொல்லாது. வீட்டுக்கார இராணியின் முதுகில் ஏறி ஒட்டிக்கொண்டு ஆயுள் பூராவும் சவாரி செய்யும். அதன் இனத்தில் வேலைக்காரி என்ற ஜாதியே கிடையாது. எல்லாம் வீட்டுக்காரர் செலவு!

மூன்றாவது தினுசுதான் பையன் ஆசைப்பட்டது. அமேசான் எறும்புகள் கோடைப் பிற்பகலில் படைபடையாகப் புறப்பட்டு, பக்கத்துப் புற்றுக்குள் புகுந்து, கூட்டுப்புழுக்களைக் கவ்விக்கொண்டு வந்துவிடும். 'எறும்பு முட்டை' என்று நாம் சொல்கிற வெள்ளைப் பொட்டலங்கள் இருக்கின்றனவே, அநேகமாக அவை முட்டைகள் அல்ல, புழுவும் கூட்டுப்புழுவுந்தான். அப்படிக் கொண்டுவந்த கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் எறும்பு, திருடியவர் வீட்டையே தன் வீடாக நினைத்து உழைக்கத் தொடங்கிவிடும்.

இதை முதன்முதலில் விவரமாக எழுதியவர் ஜெனீவாவைச் சேர்ந்த பியர் யூபேர். 1810இல் வெளியான நூலில் எழுதினார். தேனீக்களைப் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்ற, கண் பார்வை இழந்த பிரான்சுவா யூபேரின் மகன் இவர். ஒரு சமயம் முப்பது அமேசான் எறும்புகளைத் தனியே அடைத்து வைத்தார். அவற்றுக்குப் பிடித்த ஆகாரத்தையும் ஏராளமாக வைத்தார். அவற்றின் சொந்தப் புழுக்களையும் கூடவே வைத்தார். அப்படியும் அவை ஒரு துரும்பை அசைக்கவில்லை. ஊட்டிவிட ஆளில்லாமல், சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே பல பட்டினியால் செத்தன. பிறகு ஒரே ஓர் அடிமை எறும்பை உள்ளே விட்டார். அது வந்ததும் வராததுமாக மிச்சமிருந்தவற்றுக்கு ஊட்டி, புழுக்களைக் கவனித்து, அறைகளைக் கட்டி, வீட்டையே ஒழுங்கு பண்ணிவிட்டது. 1859இல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் டார்வினும் இந்தச் சோதனையை எடுத்துச் சொல்கிறார்.

இதை நான் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம். "வேலைக்காரி லீவு போட்ட அன்றைக்கு நம் வீடு மாதிரி!" என்றாள் அக்கா. அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

அமேசான் எறும்பு இங்கே கிடைக்காது. அயல்நாட்டுப் பூச்சிகளை அனுமதியில்லாமல் கொண்டுவரச் சட்டமும் இடம் கொடுக்காது. கொண்டுவந்தது தப்பி ஓடித் தோட்டம் துரவில் குடியேறிவிட்டால் திருப்பிப் பிடிக்க முடியுமா? இதைச் சொல்லும்போது ஆப்பிரிக்காச் செய்தி ஒன்றையும் பையனுக்குக் காட்டினேன். 2025 ஏப்ரலில் கென்யாவில் பெல்ஜியம் நாட்டு இளைஞர்கள் இருவர் பிடிபட்டார்கள். இருபது வயதுகூட ஆகவில்லை. அவர்கள் அறையில் குழாய்களில் பஞ்சு வைத்து அடைத்து, சுமார் 5,000 எறும்புகள்! எறும்பு வளர்ப்போருக்கு விற்க, வெளிநாட்டில் நல்ல கிராக்கி உண்டாம். மே மாதம் நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம், கட்டத் தவறினால் பன்னிரண்டு மாதம் சிறை என்று தீர்ப்புச் சொன்னது. பையன் தன் அலமாரியில் இருந்த பஞ்சுக் குழாய்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

அதைவிட இன்னொரு விஷயம் எனக்கு உறுத்தியது. அமேசான் எறும்பு கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து படையெடுத்துப் போக முடியாதல்லவா? பழைய அடிமைகள் சாகச் சாகப் புதிய அடிமைகள் வேண்டுமே! ஆகவே வளர்ப்பவர் வேறு எறும்புகளின் கூட்டுப்புழுக்களைத் தாமே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதாவது, கொள்ளைக்காரர் உத்தியோகத்தை எஜமானரே ஏற்றுக்கொள்கிறார்.

"அப்படியானால் வேண்டாம்" என்றான் பையன். எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால், அந்த நிம்மதி ஒரு வாரங்கூட நிலைக்கவில்லை.

தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. ரயில் பாதைக்குக் கிழக்கே, 1937இல் பட்டணத்திலிருந்து இடம் பெயர்ந்து வந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. அதன் 365 ஏக்கர் வளாகத்துக்குள் ஒரு புதர்க்காடே இருக்கிறது. பூச்சி புழு பற்றிப் பேச ஆள் தேடினால் இந்தப் பக்கத்தில் கிடைக்காமல் போகாது. எங்களுக்குத் தெரிந்த விலங்கியல் ஆசிரியை ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவர் பையனிடம், "ஐரோப்பாவுக்குப் போவானேன்? உங்கள் வீட்டு மல்லிகைத் தொட்டிக்கு அடியிலேயே திருடர்கள் இருக்கிறார்களே!" என்று சொல்லிவிட்டார்.

அந்த எறும்பின் விஞ்ஞானப் பெயர் டயகம்மா இண்டிகம். நாம் இதையும் கட்டெறும்பு என்றே சொல்லிவிடுவோம். கறுப்பு நிறம், சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம். உற்றுப் பார்த்தால் உடம்பெல்லாம் சீப்பால் வாரினாற்போல் மெல்லிய வரிகள் தெரியும். சாரி சாரியாகப் போகாது. இரை தேட ஒவ்வொன்றும் தனியாகவே புறப்படும். இதன் உறவுக்கார எறும்புகள் சில, புற்று வாசலில் பறவை இறகுகளையும் செத்த எறும்புகளையும் கொண்டுவந்து போட்டு வைக்குமாம். விடியற்காலையில் அவற்றின்மேல் படியும் பனித்துளியைக் குடிக்கலாம் என்பதற்காக! மார்க் மாஃபெட் என்பவர் இந்தியாவில் இதைக் கண்டு 1985இல் எழுதினார்.

இந்த வீட்டில் இராணி கிடையாது. எல்லாரும் வேலைக்காரிகளே. பிறக்கும்போது ஒவ்வொருத்திக்கும் முதுகில், இறக்கை முளைக்க வேண்டிய இடத்தில், இரண்டு சின்ன மொட்டுகள் இருக்கும். அந்த மொட்டுகளோடு இருப்பவள் ஒருத்தி மட்டுமே; அவளே தலைவி, அவளே தாய். புதிதாக ஒருத்தி வெளிவந்தவுடன் அவளுடைய மொட்டுகளைத் தலைவி கடித்து எடுத்துவிடுவாள். மொட்டுப் போனவள் அப்புறம் ஆயுள் முழுக்க வேலைக்காரிதான்.

இவர்கள் திருடுவது எப்போது தெரியுமா? பக்கத்து வீடு கலைகிறபோது. மேற்கு வங்கத்தில் மோகன்பூரில் இருக்கிற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தில் சுமனா அன்னகிரியும் அவருடைய மாணவர்களும் இதைக் கவனித்து 2016இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு கூட்டம் பழைய புற்றை விட்டுப் புதுப் புற்றுக்குக் குடிபோகும்போது, வழி தெரிந்தவள் முன்னே நடக்க, மற்றவள் மீசையால் அவளைத் தொட்டுக்கொண்டே பின்னே நடக்க, இப்படி ஜோடி ஜோடியாகப் போவார்கள். அந்த அமளியில் பிள்ளைகளுக்குக் காவல் குறைந்துவிடும். அண்டை வீட்டு எறும்புகள் அதற்காகவே காத்திருந்தாற்போல் வந்து கூட்டுப்புழுக்களைக் கவ்விக்கொண்டு ஓடும். திருட வருவது எல்லாரும் அல்ல, சிலர் மட்டுமே. அந்தச் சிலரே, பறிகொடுத்த வீட்டுப் பிள்ளைகளில் சுமார் 12 சதவீதத்தைக் கொண்டுபோய்விட்டார்களாம். கொண்டுபோன பிள்ளைகளைத் தின்பதில்லை. அடிமைகளாக வளர்த்துவிடுகிறார்கள்.

குடிபோகும் அமளியில் திருட்டு என்றதும் எங்களுக்கு உடனே புரிந்தது. 2015 டிசம்பரை எங்கள் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியுமா? டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பத்திரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஜனங்கள் போனார்கள். தண்ணீர் வடிந்து திரும்பி வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் பூட்டு உடைந்து கிடந்தது. அதனால் எறும்பு வெள்ளத்தையும் எறும்புத் திருட்டையும் எங்களால் சுலபமாகக் கற்பனை செய்ய முடிந்தது.

* * *

பையன் ஏற்பாடுகளில் இறங்கினான். மல்லிகைத் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு கூட்டம், மதில் ஓரத்திலிருந்து ஒரு கூட்டம். இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி, நடுவில் பொதுவாக ஒரு பெரிய தட்டு. என்னுடைய நகப்பூச்சுப் புட்டிகள் இரண்டு காணாமல் போயின. ஒரு கூட்டத்தின் முதுகில் சிவப்புப் பொட்டு, இன்னொன்றின் முதுகில் வெள்ளைப் பொட்டு. சிவப்பு வீட்டில் கூட்டுப்புழுக்கள் நிறைய. வெள்ளை வீட்டில் அப்போது ஒன்றுகூட இல்லை. தட்டின் மூலையில் ஒரு காலி வீட்டைத் தயாராக வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவப்பு வீட்டின் கூரையை எடுத்துவிட்டான். உள்ளே பளிச்சென்று வெளிச்சம். குடிபோக வேண்டியதுதான்.

நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தொலைக்காட்சித் தொடர்கூட அவ்வளவு சுவாரஸ்யமாக இராது!

ஜோடி ஜோடியாகச் சிவப்புப் பொட்டுகள் புறப்பட்டன. கூட்டுப்புழுக்களை வாசலருகில் குவித்தார்கள். அப்போது தட்டின் ஓரமாக ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. நின்றது. மீசையை ஆட்டியது. ஒரு சிவப்புப் பொட்டு விரட்டியது, ஓடிவிட்டது. மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, காவல் இல்லாத ஒரு கணத்தில், ஒரு கூட்டுப்புழுவைக் கவ்விக்கொண்டு தன் வீட்டை நோக்கி ஒரே ஓட்டம்! பையன் கைதட்டிவிட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூன்று பிள்ளைகள் வீடு மாறிவிட்டார்கள்.

நாட்கள் சென்றன. பையன் தினமும் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பான். அந்த மூன்று பொட்டலங்களையும் வெள்ளைப் பொட்டுக்காரிகள் நக்கித் துடைத்து, ஈரமான இடத்துக்கு மாற்றி, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். பெற்றவர்கள்கூட அப்படிப் பார்த்திருப்பார்களோ என்னவோ! பிறகு ஒவ்வொன்றாக, வெளிறிய நிறத்தில், தள்ளாடிக்கொண்டு மூன்று எறும்புகள் வெளிவந்தன. சில நாளில் உடம்பு கறுத்தது. முதுகில் பொட்டு இல்லாத அந்த மூன்றும் அந்த வீட்டு வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டன.

பையன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "சித்தி, இதுக்குத் தன் வீடு எதுன்னு தெரியுமா?"

"தெரியாது, கண்ணா. எந்த வீட்டு வாசனையில் வெளிவந்ததோ அதுதான் அதற்கு வீடு."

"பரவாயில்லை சித்தி, நன்றாகத்தானே வைத்திருக்கிறார்கள்! சாப்பாடு போடுகிறார்கள், அடிக்கிறது கிடையாது. அந்த வீட்டுப் பெண் மாதிரியே வைத்திருக்கிறார்கள்."

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டாள்.

* * *

சகோதரிகளே, இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் இது ஓர் எறும்புக் கட்டுரையாக முடிந்துவிடும். ஆனால் பையன் சொன்ன அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் ஏற்கெனவே பல வருஷம் சொல்லியிருக்கிறோம்.

1998இல் எனக்குப் பத்து வயது. அம்மா அப்போது உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி படுத்த படுக்கை. மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து, தெரிந்தவர் ஒருவர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்குப் பதினோரு வயது. தகப்பன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தாய்க்கு அவளோடு மூன்று பிள்ளைகள். இருந்த வீடும் கடனில் போய்விட்டது. "ஒரு வாய் குறைந்தால் அவளுக்கு உதவிதானே?" என்றார் வந்தவர். அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

நாங்கள் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. அதைத்தான் நாங்கள் எப்போதும் முதலில் சொல்வோம். நாங்கள் சாப்பிட்டதையே அவளும் சாப்பிட்டாள். தீபாவளிக்குப் புதுப் பாவாடை. மாதம் பிறந்தால் அவள் தாய்க்குப் பணம் போய்விடும். வருகிறவர்களிடம் அம்மா, "வேலைக்காரி என்று நினைக்காதீர்கள், எங்கள் வீட்டுப் பெண் மாதிரி" என்று சொல்வாள். மனப்பூர்வமாகவே சொன்னாள். காலையில் எனக்கு அவள் பின்னல் போட்டுவிடுவாள். நான் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். என்னைவிட ஒரே வயது மூத்தவள், கதவருகில் நின்று கையாட்டிவிட்டுப் பாட்டியின் அறைக்குப் போவாள். ஏழு வருஷம் இப்படி. பதினெட்டு வயது முடிந்ததும், 2005இல், ஒரு ஜோடி தோடும் நாலு பாத்திரமும் கொடுத்துக் கல்யாணத்துக்கு அனுப்பிவைத்தோம். ஊரே எங்களைப் புகழ்ந்தது.

பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைக்கக்கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10ஆம் தேதி அமலுக்கு வந்தது. பத்திரிகையில் படித்தபோது, 'நல்லவேளை, நம் வீட்டில் இப்போது யாரும் இல்லை' என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

எறும்பின்மேல் எனக்குக் கோபமில்லை. 'திருட்டு', 'அடிமை' என்பதெல்லாம் நாம் அவற்றின்மேல் ஒட்டிய வார்த்தைகள். அது தன் சுபாவப்படி நடக்கிறது. திருடப்பட்ட எறும்புக்கும் ஒரு வசதி இருக்கிறது: தனக்கு இன்னொரு வீடு இருந்தது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெண்ணுக்கு அந்த வசதிகூட இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வந்த புதிதில் ராத்திரி போர்வைக்குள் அவள் அழுதது எனக்குக் கேட்கும். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

யோசித்துப் பார்க்கிறேன். அவளைக் கூட்டிவந்தவர் நல்லவர். அம்மா நல்லவள். ஆனால் அவர்கள் வீடு கலைந்து கிடந்த வேளையில்தானே எங்களுக்கு அவள் கிடைத்தாள்? நிமிர்ந்து நிற்கிற வீட்டிலிருந்து யாராவது பதினோரு வயதுப் பெண்ணைக் கொடுப்பார்களா? 'உதவி' என்று நாங்கள் நினைத்தோம். உதவி என்றால் அந்தத் தாய்க்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெண்ணை அங்கேயே விட்டிருக்கலாமே!

மூன்றாம் நாள் ராத்திரி, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, தலையை நிமிராமலே சொன்னாள்: "அவளைப் பள்ளிக்கூடத்திலாவது சேர்த்திருக்கலாம். இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது." நான் பதில் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொல்வது அம்மாவுக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

* * *

பையன் இன்னொரு தரம் கூரையைத் திறக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அந்தப் பெண்ணின் கதையை, எங்கள் பங்கையும் மறைக்காமல், அவனுக்குச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த மூன்றையும் சிவப்பு வீட்டிலேயே திருப்பி விட்டுவிடலாமா, சித்தி?" என்றான்.

அது முடியாது. இப்போது அவற்றின் மேல் வெள்ளை வீட்டு வாசனை. பிறந்த வீட்டார் அந்நியரென்று விரட்டிவிடலாம். சில காரியங்களைச் செய்துவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன்னால், ஒரு கூட்டத்தை மல்லிகைத் தொட்டியடியிலும் ஒரு கூட்டத்தை மதில் ஓரத்திலும், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டோம். பொட்டில்லாத அந்த மூன்றும் வெள்ளைப் பொட்டுகளோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விட்டன. பையன் எறும்பு வளர்ப்பதை விட்டுவிடவில்லை. பஞ்சுக் குழாய்கள் அலமாரியில் இருக்கின்றன. இராணி ஒருத்தி தன் பிள்ளைகளைத் தானே வளர்க்கிற குடும்பங்கள் மட்டும் போதுமாம்.

அவளுடைய டெலிபோன் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்தேன். செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறாள். வருஷங்கள் கழித்து என் குரலைக் கேட்டதும், "பாப்பாவா? நல்லா இருக்கியா பாப்பா? அம்மாவுக்குக் கால் வலி தேவலையா?" என்று அவள்தான் முதலில் விசாரித்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக்கூட வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. "உன் பெண் என்ன பண்ணுகிறாள்?" என்று மட்டும் கேட்டேன்.

"ப்ளஸ் டூ படிக்கிறா, பாப்பா" என்றாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் மெதுவாக, "எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாம போனப்போ ஒருத்தர் வந்து கேட்டாரு. நல்ல வீடு, அவங்க பெண்ணு மாதிரி வச்சுப்பாங்கன்னாரு. நான் அனுப்பலை" என்றாள்.

என்மேல் குற்றம் சாட்டுகிற தொனி அதில் கொஞ்சமும் இல்லை. அம்மா பக்கத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். டெலிபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் கொல்லைப்புறம் போனேன். தூறல் ஆரம்பித்திருந்தது. மல்லிகைத் தொட்டியின் விளிம்பில், ஒருத்தி முன்னே நடக்க, இன்னொருத்தி அவளைத் தொட்டுக்கொண்டே, இரண்டு எறும்புகள் மேட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.